ஐந்து கட்டைகள், ஒரு எழுத்து

ஆர்டுயினோ தொட்டவங்க எல்லாருக்கும் 9600 பாட் தெரியும். அந்த ‘பாட்’ ஒரு மனுஷனோட பேர்ல இருந்து வந்தது. எமில் போதோ, பிரான்ஸில் தந்தி ஆபரேட்டரா வேலை பார்த்தவர். ஜாவாஸ்கிரிப்ட் ஸ்ட்ரிங் ஏன் சில நேரம் நம்மளைக் குழப்புதுன்னு புரியணும்னா, இவர் கதையில இருந்து ஆரம்பிக்கலாம்.

1845-ல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார். படிச்சது ஊர்ப் பள்ளிக்கூடத்தோட சரி, கல்லூரி வாசலையே மிதிக்கல. 1869-ல் தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டரா சேர்ந்தார். மோர்ஸ் கத்துக்கிட்டார். அப்புறம் ஹியூஸ் என்கிற அச்சடிக்கும் தந்தி இயந்திரத்துக்கு நாலு மாசப் பயிற்சி. நடுவுல பிரஷ்யாவோட போர், அதுக்கும் போயிட்டு வந்தார்.

திரும்பி வந்தவர் கண்ணுக்கு ஒரு விஷயம் உறுத்துச்சு. ஊர் ஊரா இழுத்த கம்பி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்குது. ஒரு ஆபரேட்டர் அடுத்த எழுத்தைத் தேடுற இடைவெளியில இன்னொருத்தரோட எழுத்து போகலாமே? அதிகாரிகளும் செய்து பார்க்கச் சொன்னாங்க, ஆனா ஆபீஸ் நேரத்தில் இல்லை, சொந்த நேரத்தில். உடம்பு வேற அவருக்கு ஒத்துழைக்கல. அடிக்கடி லீவு, ஒரு தடவை ஒரு மாசம் வரைக்கும்.

கம்பியை முறை போட்டுப் பங்கு வைக்க மோர்ஸ் இடம் கொடுக்காது. அதில் ‘ஈ’ ஒரே புள்ளி, ‘க்யூ’வுக்கு நாலு குறி. யாருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குறது? போதோ எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம் வைத்தார்: ஐந்து இடம், ஒவ்வொன்றிலும் மின்சாரம் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம். ஐந்து இடக் குறியீடு புதுசு இல்லை, பிரான்சிஸ் பேக்கன் ரகசிய எழுத்துக்கு எப்பவோ யோசிச்சதுதான். அதை வைத்து ஓடுற இயந்திரம் கட்டினதுதான் போதோவின் சாதனை. 1874-ல் காப்புரிமை, 1877-ல் பாரிஸ்–போர்தோ கம்பியில் ஓட்டம், 1878 பாரிஸ் கண்காட்சியில் தங்கப் பதக்கம்.

இப்போ ஆபரேட்டர் பக்கம் வாங்க. அவர் முன்னாடி ஐந்தே கட்டைகள்: இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. உயிரெழுத்துகளுக்கு வலது கை மட்டும் போதும்னு அழகா அமைச்சிருந்தார். ஆனா 32 சேர்க்கையும் மனப்பாடம் ஆகணும். இயந்திரம் ‘டக்’னு சத்தம் கொடுக்கும், அதுதான் உங்க முறை. தாளம் தப்பினா எழுத்து போச்சு. 32-க்குள்ள எழுத்து, எண், குறி எல்லாம் அடங்காதே? அதனால இரண்டு சேர்க்கையை மாற்றுக் கட்டளையா வைத்தார். ஒன்று அடித்தா இனி வருவதெல்லாம் எண், இன்னொன்று அடித்தா மறுபடி எழுத்து. நடுவுல அது ஒன்று தவறிட்டா மீதி வரி முழுக்கக் குப்பை. மெஷினுக்கு எளிமை, மனுஷனுக்குச் சுமை.

இதையே ஜாவாஸ்கிரிப்ட்ல பாருங்க. அங்கே ஸ்ட்ரிங் என்பது 16 பிட் பெட்டிகளின் வரிசை. முதல் பெட்டிக்கு எண் 0. ‘சார் கோட் அட்’ கேட்டா பெட்டிக்குள்ள இருக்கிற எண்ணைச் சொல்லும்: ஆங்கிலப் பெரிய ‘ஏ’வுக்கு 65, நம்ம ‘த’வுக்கு 2980. ஒரு பெட்டிக்கு 65,536 வாய்ப்பு. உலக எழுத்து எல்லாம் அடங்கிடும்னு ஒரு காலத்தில் நம்பினாங்க. அடங்கல. போதோவுக்கு 32 பத்தாத மாதிரியே இதுவும் பத்தல. அதனாலதான் ஒரு சிரிப்பு எமோஜிக்கு ‘லெங்த்’ 2 வருது, இரண்டு பெட்டி சேர்ந்தாத்தான் அது ஒரு குறி.

‘தமிழ்’ என்று அடித்து லெங்த் கேளுங்க. 5 வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு மூணு எழுத்து, அதுக்கு ஐந்து பெட்டி. ஸ்ப்ளிட், ரிவர்ஸ், ஜாயின் போட்டுத் திருப்பினா புள்ளி முன்னாடி அநாதையா நிக்கும், ‘ம’வோட இகரக் குறி ‘ழ’ மேல ஏறி ‘ழிமத’ன்னு வரும். இன்டர்வியூவில் எழுதுற பாலிண்ட்ரோம் புரோகிராம் ‘விகடகவி’யிடம் தோற்பதும் இதனாலதான். ‘இன்டல் செக்மென்டர்’ பயன்படுத்தினா ‘தமிழ்’ சரியா மூணா பிரியும். தமிழில் ஆப் செய்றவங்க இதைக் கத்துக்காம பெயர்ப் பெட்டிக்கு எழுத்து வரம்பு வைக்கக் கூடாது. பாவம், யாரோ ஒருத்தரோட பேர் பாதியில வெட்டுப்படும்.

போதோவின் சுமையைக் குறைச்சது டொனால்ட் முரே. 1901 வாக்கில் தட்டச்சு மாதிரி விசைப்பலகை கொண்டு வந்து, அதிகம் வரும் எழுத்துக்குக் குறைவான துளை விழுற மாதிரி குறியீட்டை மாற்றினார். வரி முடிவுக்கும் தனிக் குறிகள் வைத்தார். உங்க ஸ்ட்ரிங்ல பின்சாய்கோடு போட்டு ‘என்’ அடிக்கிறீங்களே, அதோட மூதாதை அங்கேதான். நோயோடவே உழைச்ச போதோ 1903 மார்ச் 28-ல், பாரிஸ் பக்கத்தில் ஸோ என்ற ஊரில், 57 வயதில் இறந்தார். தந்தி வேகத்தின் அலகுக்கு அவர் பேரை வைத்தது 1926-ல்.