மஹலநோபிஸும் சராசரியின் நியதியும்

கொடைக்கானல் மலைச்சரிவுகளில் விளையும் பூண்டு வடுகபட்டிச் சந்தைக்கு வந்து குவிகிறது. ஒரு தோட்டத்தில் என்றுமில்லாத விளைவு கண்டால், அது புதிய உரத்தின் மகிமை என்கிறோம்; மறு வருஷம் குறைந்தால் கண்ணேறு என்கிறோம். விளைவு அறவே கெட்ட வருஷத்துக்குப் பின் ஏதோ ஒரு மருந்தைத் தெளித்து, அடுத்த போகம் தேறிவிட்டால் மருந்தைக் கொண்டாடுகிறோம். மழையும் பனியும் பூச்சியும் ஒருங்கே கூடி அனுகூலமாகவோ பிரதிகூலமாகவோ அமைந்ததே அந்த மிகைக்குக் காரணமாயிருக்கலாம். அதே கூட்டு மறு வருஷமும் அமைவது அரிது. ஆகவே விளைவு வழக்கமான அளவை நோக்கித் தானே திரும்பும். இதை மறந்தால் குடியானவனுக்குச் சிறு நஷ்டம். அரசாங்கம் மறந்தாலோ பொதுஜனங்களின் பொருள் பாழாகும். அவ்வாறு பாழாகாமல் தடுத்த ஒருவரின் சரிதையை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பிரசாந்த சந்திர மஹலநோபிஸ் 1893 ஜூன் 29ல் கல்கத்தாவில் ஒரு பிரம்ம ஸமாஜக் குடும்பத்தில் பிறந்தார். பிரஸிடென்ஸி காலேஜில் பௌதிகம் பயின்று, 1913ல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே நம் ராமானுஜனுக்கு நண்பரானார். 1915ல் தாயகம் திரும்பும் தறுவாயில் ஆசிரியர் ஒருவர் 'பயோமெட்ரிகா' என்னும் சஞ்சிகையை அவருக்குக் காட்டினார். அதன் தொகுதிகளைக் கப்பலிலேயே வாசிக்கத் தொடங்கிய அவரைப் புள்ளிவிவர சாஸ்திரம் ஆட்கொண்டது.

அச்சஞ்சிகையை நிறுவியவர்களுள் ஒருவர் பிரான்ஸிஸ் கால்ட்டன். அவர் 205 தம்பதிகளின் உயரத்தையும், வளர்ந்துவிட்ட அவர்தம் மக்கள் 928 பேரின் உயரத்தையும் ஒப்பிட்டு, 1886ல் ஒரு முடிவை வெளியிட்டார். நெட்டையான பெற்றோரின் மக்கள் நெட்டையரே; ஆயினும் பெற்றோரளவு நெட்டையரல்லர். குட்டையான பெற்றோரின் மக்களும் அவர்களளவு குட்டையரல்லர். சராசரியிலிருந்து பெற்றோர் விலகிய தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே மக்களிடம் காணப்பட்டது. திருப்பிப் பார்த்தாலும் அப்படியே: மிக நெட்டையான மக்களுடைய பெற்றோரும் அவர்களைவிடச் சராசரிக்கு அணுகியவரே. ஆகையால் இது குலம் க்ஷீணிப்பதன் அடையாளமன்று, எண்களின் இயற்கை.

மிகையான ஒன்றைத் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது என்னும் இந்த விவேகமே மஹலநோபிஸின் பொது வாழ்வில் பயன்பட்டது. 1922ல் வட வங்கத்தில் பெருவெள்ளம் புரண்டது. பெரும் பொருட்செலவில் நீர்த்தேக்கப் பள்ளங்கள் அமைக்க வேண்டுமென்று எஞ்சினீயர்கள் யோசனை கூறினர். மஹலநோபிஸோ ஐம்பது வருஷத்து மழையையும் வெள்ளத்தையும் ஒருசேர ஆராய்ந்து, அவற்றால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே வேண்டியது என்று காட்டினார். 1926ல் ஒரிஸ்ஸாவில் பிராம்மணி நதி பெருகியபோது, ஆற்றின் படுகை ஓரடி உயர்ந்துவிட்டது, கரைகளை உயர்த்துக என்றனர் நிபுணர். அறுபது வருஷத்துக் கணக்கைப் புரட்டிய அவர், படுகை உயரவில்லை, அவ்வருஷத்து மிகைமழையே காரணம் என்று நிரூபித்து, மேலே அணை கட்டுவதே பரிகாரம் என்றார். 1957ல் திறக்கப்பெற்ற ஹிராகுட் அணைக்கு அவருடைய ஆராய்ச்சி முன்னோடியாயிற்று.

1931ல் இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தை நிறுவினார். 1933ல் 'ஸாங்க்யா' சஞ்சிகையைத் தொடங்கினார். 1950ல் தேசிய மாதிரி அளவெடுப்புக்கு வித்திட்டார். 1972 ஜூன் 28ல் காலமானார். அவர் பிறந்த நாளைப் புள்ளிவிவர தினமாக நம் நாடு கொண்டாடுகிறது.

கொண்டாட்டம் மட்டும் போதாது என்பதே நமது அபிப்பிராயம். விபத்துக்கள் மிகுந்த சாலையில் ஒரு பலகையை நட்டுவிட்டு, மறு வருஷம் விபத்துக் குறைந்ததைத் தங்கள் சாதனையென்று அதிகாரிகள் பறைசாற்றலாம். ஒரு பரீட்சையில் தவறிய மாணவனை அடித்து, அடுத்ததில் அவன் தேறியது பிரம்பின் பயனென்று உபாத்தியாயர் எண்ணலாம். இவ்விடங்களில் ஜனங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு: முந்திய பல வருஷங்களின் கணக்கு எங்கே? அதே நிலையிலிருந்தும் பரிகாரம் செய்யப்படாத இடங்களில் நேர்ந்தது என்ன? இவற்றுக்கு விடை வராத வரையில், எவருடைய வெற்றி முழக்கத்தையும் நம்பி வரிப்பணத்தைக் கொட்டுவதற்கு ஜனங்கள் இசையலாகாது.