முப்பது வயசுல அ, ஆ படிச்சவர்

வீரமாமுனிவர் பெயரை நாம் தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். நம்ம விருத்தாசலம் பக்கத்துல கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோவிலைக் கட்டியவர் அவர்தான். நம்ம ஊர்க் கோவில் அம்மனுக்கும் பெரியநாயகி என்று பெயர் உண்டு, கவனிச்சீங்களா?

அவர் 1680-ல் இத்தாலியில் பிறந்தார். சொந்தப் பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1710-ல் கப்பலில் கோவா வந்தபோது வயசு முப்பது. அதுக்கப்புறம்தான் தமிழ் படித்தார். சுப்ரதீபக் கவிராயர் அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தார் என்பார்கள். 1726-ல் தேம்பாவணி பாடி முடித்தார், மொத்தம் 3615 பாட்டு! லத்தீன் மாதிரி பல மொழிகள் முன்னாடியே தெரிந்ததும் உதவியிருக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவர் வாத்தியாரான கதை. வெளிநாட்டிலிருந்து புதுசா வந்த பாதிரியார்களுக்குத் தமிழ் கற்றுத்தர வேண்டும். எல்லாருக்கும் ஒரே புத்தகம் என்று அவர் விடவில்லை. ஜனங்களோடு பேச வேண்டியவர்களுக்குப் பேச்சுத்தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். இலக்கியம் படிக்க ஆசைப்பட்டவர்களுக்குச் செந்தமிழ் இலக்கணம் தனி. தமிழ்க்காரர்களுக்கு 1730-ல் தொன்னூல் விளக்கம். அந்தக் காலத்தில் சொல்லுக்குப் பொருள் தெரியணும்னா நிகண்டுப் பாட்டை மனப்பாடம் பண்ணணும். இவர் 1732-ல் சதுரகராதியில் சொற்களை அகர வரிசையில் அடுக்கி வைத்தார். மனப்பாடம் வராதவங்களும் தேடிப் பார்த்துக்கலாம்.

இதைப் படிச்சப்போ என் தோழி ஞாபகம்தான் வந்தது. அவ அம்மா பீங்கான் பொம்மை கம்பெனியில் வேலை. அங்கே வடநாட்டு ஆளுங்க பேசுறதைக் கேட்டுக் கேட்டே அவ ஹிந்தி பேசுவா. ஆனா இங்கிலீஷ் பரீட்சை எழுதினா பெயில். மண்டையில ஏறலைன்னு வீட்டில் படிப்பை நிறுத்தப் பார்க்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் கட்டுரை ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் வரும். யாராவது இங்கிலீஷில் வழி கேட்டால் வாயே திறக்காது. மார்க் மட்டும் எனக்குத்தான் அதிகம். வீரமாமுனிவர் எங்களுக்கு வாத்தியாரா இருந்தா, ரெண்டு பேருக்கும் வேற வேற புத்தகம் எழுதியிருப்பார்.

அவர் 1747-ல் இறந்தார். 1968-ல் சென்னை மெரினாவில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அது எங்களுக்குத் தூரம். கோணான்குப்பம்னா பஸ்லயே போயிடலாம். ஜனவரியில் மாதா திருவிழாவுக்கு அவளைக் கூட்டிட்டுப் போறதா சொல்லியிருக்கேன். இந்தக் கதையை அவ அம்மாகிட்டயும் சொல்லணும்.