உடுவில் தந்த அன்னை ஹரியற் வின்ஸ்லோ

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் உடுவில் பழைய மாணவிகளாகிய நாம் ஊரைப் பிரிந்து வந்தவர்கள். நம் கல்லூரியைத் தொடங்கிய அம்மையாரும் அப்படி வந்தவரே.

ஹரியற் லத்ரொப் 1796இல் அமெரிக்காவின் நோர்விச் நகரில் பிறந்தார். 1819 ஜனவரியில் மைரன் வின்ஸ்லோ போதகரை மணந்தார். அவ்வாண்டு ஜூனில் இருவரும் பொஸ்ரனில் பாய்க்கப்பல் ஏறி, கல்கத்தா வழியாக இலங்கை வந்து, 1820இல் உடுவிலில் குடியேறினர். பிறந்த வீட்டை அவர் பிறகு காணவேயில்லை.

பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. அந்நியர் வீட்டில் மகள் உண்பதையும் உறங்குவதையும் பெற்றோர் விரும்பவில்லை. அந்தத் தயக்கத்தின் நடுவே 1824இல் அம்மையார் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார்.

ஊரார் பெண்பிள்ளைகளைத் தம்மிடம் வைத்து வளர்த்த அவர், தம் மூத்த மகன் சாள்ஸைப் படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பினார். பதினொரு வயதுச் சிறுவன் 1832இல் அங்கு போய்ச் சேர்ந்த சிறிது காலத்தில் இறந்தான். 1833 ஜனவரி 14இல் தாயும் உடுவிலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 36.

தங்கைமார் மூவரும் அவரைப் போலவே மிஷன் பணிக்கு வந்தனர். கணவர் சென்னையில் 1862இல் பெரும் தமிழ் – ஆங்கில அகராதியை வெளியிட்டார்; 1864இல் தாயகம் திரும்பும் வழியில் மறைந்தார்.

நம்மில் பலர் பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்டுத் தொலைபேசி மணிக்குக் காத்திருக்கிறோம். அத்தாய்க்கோ ஒரு கடிதம் வரவே மாதங்கள் சென்றன. அந்தப் பிரிவைத் தாங்கியவர் ஏற்றிய விளக்கில்தான் நாம் எழுத்தறிந்தோம். நன்றியோடு நினைவுகூர்வோம்.