நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார்

பிறக்கும் மகவு ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்னும் வினாவிற்கு அறிஞரும் நெடுங்காலம் தெளிந்த விடை கூற இயலாதிருந்தனர். தாய் உண்ணும் உணவினால் என்றும், தட்பவெப்ப நிலையினால் என்றும் பலவாறு கூறி வந்தனர். பெண்மகவே ஈன்ற தாயர் பலர் பழிச்சொல்லுக்கு ஆளாயினர். அப்பழி அடிப்படையற்றது எனக் காட்டும் உண்மையை உருப்பெருக்கியின் வாயிலாகக் கண்டவர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ் அம்மையார்.

இவர் 1861-ஆம் ஆண்டு அமெரிக்காவில், வெர்மாண்ட் மாகாணத்துக் கவெண்டிஷ் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் தச்சர். அம்மையார் ஆசிரியத் தொழில் புரிந்து சிறுகச் சிறுகப் பொருள் சேர்த்து, 1896-இல், தமது 35-ஆம் வயதில், ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையில் மாணவியாய்ச் சேர்ந்தார். 1903-இல் பிரின் மார் மகளிர் கல்லூரியில் டாக்டர் பட்டம் எய்தினார். இடையே ஐரோப்பா சென்று, வுர்ஸ்பர்க் நகரத்துப் போவெரி என்னும் பேரறிஞரிடமும் பயின்றார்.

உயிரணுவின் உட்கருவினுள் குரோமோசோம் என்னும் நுண்ணிழைகள் இணை இணையாய் உள்ளன. விந்தணுவும் சூலணுவும் உண்டாகுங்கால் அவற்றின் தொகை பாதியாகிறது. அவ்விரண்டும் கூடிக் கருவாகுங்கால் முழுத்தொகை மீள்கிறது. அம்மையார் மாவுப்புழு வண்டினை ஆராய்ந்தார். பெண்வண்டின் அணுவில் 20 பெரிய குரோமோசோம்கள் இருந்தன. ஆண்வண்டிலோ பெரியன 19, மிகச் சிறியது 1. ஆகவே, விந்தணுக்களுட் பாதி 10 பெரியவற்றையும், மறுபாதி 9 பெரியவற்றோடு அச்சிறியதையும் தாங்கின. சூலணுவோடு முன்னது கூடின் பெண்ணும், பின்னது கூடின் ஆணும் பிறக்கும் என்னும் முடிவை 1905-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் வில்ஸன் என்பாரும் தனித்து ஆராய்ந்து இதனையொத்த முடிபினை எய்தினார்.

அச்சிறியது ஒய் என்றும், அதன் இணை எக்ஸ் என்றும் பின்னர் வழங்கலாயின. பறவைகளில் சூலணுவே இவ்வேற்றுமையைச் செய்யும். மக்களிலோ வண்டினைப் போலவே தந்தையின் விந்தணு செய்யும். எவ்வணு முந்தும் என்பதோ எவர் விருப்பத்தின் பாற்பட்டதுமன்று.

பிரின் மார் கல்லூரியார் அம்மையாருக்கென ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவி ஒன்றனை ஏற்படுத்தினர். அதனை ஏற்குமுன்னரே, 1912 மே 4-இல், மார்பகப் புற்றுநோயால் தமது 50-ஆம் வயதில் காலமானார். அவருக்கு ஆசிரியராயிருந்த மார்கன், பாரம்பரியத்தில் குரோமோசோம்களின் பங்கினை விளக்கியமைக்காக 1933-இல் நோபெல் பரிசு பெற்றார். அம்மையாரின் பெயரோ பலரறியாது கிடந்தது.

வறுமையும் வயதும் கல்விக்குத் தடையாகா என்பதற்கும், சிறு புழுவினைப் பொறுமையோடு நோக்கினும் பேருண்மை புலப்படும் என்பதற்கும் இவ்வம்மையார் வாழ்க்கை சான்றாகும். ஆராய்ச்சியிற் புகும் மாணவ மாணவியர் இதனை மனத்திற் கொள்வாராக.