ஆரியச்சக்கரவர்த்தியின் விருந்தாளி: புத்தளக் கரையில் இப்னு பதூதா

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து மாபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கு ஒரு பாய்க்கப்பல் புறப்பட்டது. மூன்று நாளில் முடியவேண்டிய பயணம். காற்று திசைமாற்றியதால் ஒன்பதாம் நாள் கண்ணுக்குத் தெரிந்தது இலங்கையின் மலை. ஒதுங்கக் கிடைத்த துறைமுகத்துக்குள் நுழைய மாலுமிகள் அஞ்சினார்கள். அந்தக் கரை கடலில் பலம்வாய்ந்த தமிழ் மன்னன் ஒருவனின் ஆட்சியில் இருந்தது. கப்பல்களைக் கொள்ளையிடுபவன் என்று அவனுக்குப் பெயர். தன்னை மட்டும் முதலில் கரையில் இறக்கிவிடும்படி கப்பலில் இருந்த நாற்பது வயது முஸ்லிம் பயணி ஒருவர் கேட்டுக்கொண்டார். அவர்தான் இப்னு பதூதா.

அவர் இறங்கிய ஊரைத் தன் நூலில் பத்தாலா என்கிறார். இன்றைய புத்தளமே அது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அங்கு அவரைச் சந்தித்தவன் யாழ்ப்பாண அரசின் ஆரியச்சக்கரவர்த்தி.

இப்னு பதூதா 1304இல் மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில், நீதிபதிகள் பலரைத் தந்த குடும்பத்தில் பிறந்தார். 1325இல், இருபத்தொரு வயதில், ஹஜ் கடமைக்காகத் தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். மீண்டும் மொரோக்கோ மண்ணை மிதிக்க 24 ஆண்டுகள் ஆயின. அதற்குள் தந்தையும் தாயும் இறந்துபோயிருந்தார்கள்.

அலெக்சாந்திரியாவில் இடிந்துகொண்டிருந்த பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார். டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலுக்கு நிகரான கட்டடம் உலகில் இல்லை என்று வியந்தார். கிழக்கு ஆபிரிக்காவின் கில்வா, துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றி டில்லியை அடைந்தார். குதுப் மினாரின் உயரத்தில் மலைத்தார். சுல்தான் முகம்மது பின் துக்ளக் அவரை நீதிபதியாக்கினான். பின்பு சீனாவுக்குத் தூதராக அனுப்பினான். கள்ளிக்கோட்டையில் புயல் அந்தத் தூதுக்குழுவின் கப்பல்களைச் சிதறடித்தது. வெறுங்கையோடு மாலைதீவுக்குப் போனவர் அங்கும் நீதிபதியானார். பெண்கள் மேலுடல் மறைத்து உடுக்கவேண்டும் என்று அவர் போட்ட கட்டளையை அந்தத் தீவின் பெண்கள் பொருட்படுத்தவில்லை. மந்திரியோடு மனக்கசப்பு முற்றியதும் அங்கிருந்து கிளம்பினார்.

பெரிய நகரங்களைக் கண்டு பழகிய அந்தக் கண்களுக்குப் புத்தளம் சிறிய, அழகான ஊராகத் தெரிந்தது. சுற்றிலும் மரத்தாலான மதில், மரக் காவற்கோபுரங்கள். ஆற்று வெள்ளம் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையோரமெங்கும் குன்று குன்றாகக் குவிந்து கிடந்தன. மாபரிலும் மலபாரிலும் இருந்து வந்தவர்கள் அவற்றை விலையின்றி ஏற்றிச் சென்று, கைமாறாக அரசனுக்குத் துணிமணிகளைக் கொடுத்தார்கள்.

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக எழுவன்குளத்துக்குப் போகும் வீதியில் பயணித்தபோது இந்தப் பகுதிதான் என் நினைவில் ஓடியது. ஒருபக்கம் களப்பு, சற்று வடக்கே, கண்டல் காடுகளுக்கு நடுவே கடலோடு கலக்கும் கலா ஓயா. கறுவாவைக் கொண்டுவந்தது எந்த ஆறு என்று அவர் எழுதவில்லை. மரத்தால் கட்டிய மதில் நிற்கவில்லை என்பதில் வியப்புமில்லை. ஆனாலும் தமிழகம், கேரளம், மாலைதீவு, அரபுநாடு எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருந்த கரை இது என்பதை இங்கே நின்றால் விளங்கிக்கொள்ளலாம்.

மன்னன் அவரை எழுந்து நின்று வரவேற்றான், பக்கத்தில் அமர்த்தினான். மாபர் சுல்தானோடு தனக்கு நட்பு உண்டு என்றும், கப்பலில் உள்ளவர்கள் அச்சமின்றி இறங்கித் தன் விருந்தினராகத் தங்கலாம் என்றும் சொன்னான். அவனுக்குப் பாரசீகம் விளங்கியது. யாழ்ப்பாண அரசின் தமிழ் மன்னனும் மொரோக்கோ நாட்டு முஸ்லிமும் ஈரானிய மொழியொன்றின் துணையோடு ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள்.

முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துகளை மன்னன் காட்டினான். இத்தனை நல்ல முத்துகளைத் தான் கண்டதில்லை என்றார் பயணி. மகிழ்ந்துபோன மன்னன் அவற்றை அவருக்கே கொடுத்து, வேறென்ன வேண்டுமோ கேட்கச் சொன்னான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: பாவா ஆதத்தின் பாதம் பதிந்த மலையைப் பார்க்கவேண்டும்.

சைவர்களுக்குச் சிவனொளிபாதம், முஸ்லிம்களுக்குப் பாவா ஆதம் மலை, பௌத்தர்களுக்கு ஸ்ரீ பாத. மன்னன் அவருக்குப் பல்லக்குக் கொடுத்தான். ஆண்டுதோறும் அந்த மலைக்குப் போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று துணை சேர்த்து அனுப்பினான். யோகிகளோடும் பிராமணர்களோடும் நடந்து அட்டைக்கடி பட்டு, இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறி, அந்த முஸ்லிம் பயணி தன் நேர்த்தியை முடித்தார். தேவந்துறைக் கோயில், காலி, கொழும்பு வழியாகப் புத்தளத்துக்குத் திரும்பி வந்தபோது கப்பல் அவருக்காகக் காத்து நின்றது.

தமிழகக் கரையை நெருங்கியபோது கப்பல் உடைந்தது. கூட வந்தவர்களைக் கட்டுமரத்தில் அனுப்பிவிட்டு அவர் இரவு முழுவதும் கப்பலிலேயே இருந்தார். பின்னர் மாபர் சுல்தான் கியாசுத்தீனைச் சந்தித்தார். அவர் மனைவியின் சகோதரியை மணந்திருந்தவன் அவன். பிடிபட்ட இந்துக் குடியானவர்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அவன் கொன்றதை நேரில் கண்டார். உறவினன், தன் மதத்தவன் என்று பார்க்காமல், அது இழிசெயல் என்றும் அதற்காகவே இறைவன் அவன் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் பதிவு செய்தார். வேற்று மதத்து ஆரியச்சக்கரவர்த்தியின் உபசரிப்பையும் அதே நேர்மையோடு எழுதினார்.

சீனாவரை போய், 1349இல் ஊர் திரும்பி, பின்னர் மாலி நாட்டையும் பார்த்துவந்தார். மொரோக்கோ சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸை என்ற அறிஞர் எழுதிய நூல் 1355இல் நிறைவுபெற்றது. குறிப்பேடுகளைக் கொள்ளையரிடம் பறிகொடுத்தவர் என்பதால் பெரும்பகுதியும் நினைவிலிருந்து வந்தது. மிகைகளும் குழப்பங்களும் அதில் உண்டு. 1368 அல்லது 1369இல் அவர் காலமானார்.

அவர் புத்தளத்தில் இறங்கி 646 ஆண்டுகளுக்குப் பிறகு, 1990 ஒக்டோபரில், அதே கரைக்கு வேறொரு கூட்டம் வந்தது. விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டார்கள். பின்னர் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக வாழ்க்கை. இந்த வீதி வில்பத்துக் காட்டைக் கடந்து போய்ச் சேரும் மறிச்சுக்கட்டியும் சிலாவத்துறையும் அவர்களில் பலரின் சொந்த ஊர்கள். முப்பது ஆண்டுகள் கடந்தும் எல்லோரும் திரும்பவில்லை.

இடம்பெயர்வு என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கிழமையில் திரும்பிவிடலாம் என்று நடந்தவர்கள் நாம். ஆனால் நமது இடம்பெயர்வைச் சொல்லும்போது, நம் பெயரால் நடந்த இந்த வெளியேற்றத்தை நம்மில் பலர் சொல்லாமல் கடந்துவிடுகிறோம்.

ஆரியச்சக்கரவர்த்திகளை நமக்கென்று ஓர் அரசு இருந்ததற்குச் சான்றாக மேடைகளில் அழைக்கிறோம். அதில் தவறில்லை. அதே சான்றில்தான், அந்நியரான ஒரு முஸ்லிமை எழுந்து நின்று வரவேற்று, அவருடைய புனிதத் தலத்துக்குப் பல்லக்கில் அனுப்பிய மன்னனும் இருக்கிறான். முதற்பகுதியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற நாம் இரண்டாவதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அப்போது 1990ஐப் பற்றியும் அந்தப் பிள்ளைகள் நம்மிடம் கேட்பார்கள். பதில் சொல்ல நாம் ஆயத்தமாக இருக்கவேண்டும்.