தவணை குறித்த பிரதம மந்திரி

கடல் கடந்த தேசமொன்றில் யுத்தத்தைத் தொடங்க ஒரு மந்திரிசபையின் அகம்பாவம் போதும். அதை முடிப்பதற்கோ, பதவி போனாலும் போகட்டும் என்று துணிந்து நிற்கும் ஒருவர் வேண்டும். இந்தோ-சீன யுத்தத்தில் அகப்பட்டுத் தவித்த பிரான்ஸ் தேசத்துக்கு 1954-ல் அத்தகைய ஒருவர் வாய்த்தார். அவரே பியேர் மெண்டஸ் பிரான்ஸ்.

1907 ஜனவரி 11-ல் பாரிஸில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், இளம் பிராயத்திலேயே வக்கீலானார். 1932-ல், இருபத்தைந்தாம் வயதில், பிரெஞ்சுப் பிரதிநிதி சபையில் யாவரினும் இளையவராக அமர்ந்தார். 1940-ல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்தபோது அவர் பணியவில்லை. விஷி சர்க்கார் அவரை, ராணுவத்தை விட்டு ஓடியவர் என்று குற்றஞ்சாட்டி, ஆறு வருஷச் சிறைவாசம் விதித்தது. 1941 ஜூனில் காவலிலிருந்து தப்பிய அவர், பின்னர் லண்டன் சேர்ந்து, சுதந்திர பிரான்ஸின் குண்டு வீச்சு விமானப் படையில் சேவை செய்தார். ஆகவே, பிற்காலத்தில் அவர் சமாதானம் பேசியதைக் கோழைத்தனம் என்று யாரும் தள்ள இயலவில்லை.

இந்தோ-சீன யுத்தம் 1946 இறுதியில் மூண்டது. 1950-ல் சீன எல்லையருகே காவ் பாங் பிரதேசத்தில் பிரெஞ்சுப் படை பெருந்தோல்வி கண்டது. அந்த அக்டோபரில் அவர் சபையில் எழுந்து, தேசத்தின் முன் இரண்டு வழிகளே உள்ளன என்றார். வெற்றியே வேண்டுமாயின் துருப்புகளையும் பணத்தையும் மும்மடங்காக்க வேண்டும். அதற்குரிய வரியையும் ஜனங்கள் சுமக்க வேண்டும். அது இயலாதாயின் எதிரியுடன் நேரில் பேச வேண்டும். சர்க்காரோ இரண்டையும் செய்யாமல் காலம் கடத்தியது. அந்தக் காலதாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் போர்க்களத்தில் மாண்டவர்கள்.

1954 மே 7-ல் தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்தது. ஜூன் மாதம் 419 வாக்குகளுடன் மெண்டஸ் பிரான்ஸ் பிரதம மந்திரியானார். எதிரியுடன் பேசப் போகிறவர் கம்யூனிஸ்டுகளின் தயவில் பதவி பெற்றார் என்ற சொல் எழக் கூடாதென்று, அக்கட்சியின் வாக்குகளைத் தமது கணக்கில் சேர்க்க மறுத்தார். ஜூலை 20-க்குள் உடன்பாடு ஏற்படாவிடில் ராஜிநாமாச் செய்வதாகத் தவணை குறித்தார். விலகுமுன், கட்டாய சேவையிலுள்ள இளைஞர்களை இந்தோ-சீனாவுக்கு அனுப்ப அனுமதி கோருவதாகவும் அறிவித்தார். அதுவரை எந்த சர்க்காரும் அதற்குத் துணிந்ததில்லை. யுத்தம் நீடித்தால் தங்கள் பிள்ளைகளே போக வேண்டும் என்பதை ஜனங்கள் அப்போதுதான் உணர்ந்தனர்.

தவணை தீர்ந்த இரவில் ஜினீவாவில் உடன்பாடு முடிந்தது. வியட்நாம் பதினேழாவது அட்சரேகையில் தற்காலிகமாகப் பிரிக்கப்பட்டது. 1956-ல் நடக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. அந்நாடு மீண்டும் ஏறக்குறைய இருபது வருஷம் எரிந்தது. அந்த சமாதானம் குறையுள்ளதே. ஆயினும் பிரெஞ்சுப் படை வெளியேற அது வழி செய்தது.

அவர் பதவியிலிருந்த நாட்களிலேதான் புதுச்சேரியும் விடுபட்டது. 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் 178 பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. அதே நவம்பர் 1-ல் அல்ஜீரியாவில் கிளர்ச்சி வெடித்தது. இந்தோ-சீனாவில் தெளிவாகக் கண்ட அவர் கண் இங்கே மங்கிற்று. அல்ஜீரியா பிரான்ஸின் அங்கமே என்று கூறித் துருப்புகளை அனுப்பினார். 1955 பிப்ரவரியில் அவரது மந்திரிசபை கவிழ்ந்தது. 1956-ல் வேறொரு மந்திரிசபையில் சேர்ந்து, அல்ஜீரியக் கொள்கை பிடிக்காமல் அதே ஆண்டு மே மாதம் விலகினார். அந்த யுத்தமோ 1962 வரை நீண்டது. 1982 அக்டோபர் 18-ல் அவர் காலமானார்.

எட்டு மாதத்துக்கும் குறைந்த ஆட்சி அவருடையது. யுத்தத்தின் முழு விலையையும் ஜனங்களிடம் மறைக்காமல் சொல்லி, அந்தக் கணக்கில் தமது பதவியையும் வைத்ததே அவருடைய பெருமை. பிறர் பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டுத் தம் ஆசனத்தைக் காத்துக்கொள்ளும் தலைவர்கள் எந்நாட்டில் இருந்தாலும், அவர்களை அளக்க இந்த ஒரு கோல் போதும்.