வெண்கலம் வாங்கிய டீச்சர், தங்கம் வாங்கிய மாணவி



ஐஸ் என்றால் நமக்குக் குச்சி ஐஸ்தான் ஞாபகம் வரும். ஆனால் குளிர் நாடுகளில் ஏரித் தண்ணியே கல்லு மாதிரி உறைஞ்சு போகுமாம். அடியில் இரும்புத் தகடு வைத்த பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஐஸ் மேல் சறுக்கி, தாவி, பம்பரமாய்ச் சுற்றி ஆடுவதுதான் ஃபிகர் ஸ்கேட்டிங். அதைச் சொல்லிக் கொடுப்பதில் பேர் பெற்ற ஒரு டீச்சரம்மாவின் கதை இது.

அவர் பெயர் மேரிபெல் வின்சன் ஓவன். 1911-ல் அமெரிக்காவில் வின்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். அப்பா, அம்மா இருவருமே ஸ்கேட்டிங் தெரிந்தவர்கள். 1928 முதல் 1937 வரை ஒன்பது முறை தேசிய சாம்பியன் ஆனார். 1932 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். விளையாட்டு, விளையாட்டுன்னு படிப்பை விட்டுடலை. 1933-ல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் விளையாட்டுச் செய்தி எழுதிய முதல் பெண்ணும் அவர்தான்!

பிறகு கல்யாணம், இரண்டு பெண் குழந்தைகள். கணவரைப் பிரிந்த பின் தன் அம்மா வீட்டுக்கே வந்து, ஸ்கேட்டிங் சொல்லிக் கொடுத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார்.

அவரிடம் கற்றவர்களில் ஒருவர் டென்லி ஆல்பிரைட். 11 வயதில் இளம்பிள்ளை வாதம் வந்த பெண். போலியோ சொட்டு மருந்து இல்லாத காலம் அது. அந்தப் பெண்தான் 1956 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார்! ஃபிகர் ஸ்கேட்டிங்கில் தங்கம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் அவரே. பின்னாளில் அறுவைச் சிகிச்சை டாக்டரும் ஆனார். டீச்சருக்குக் கிடைக்காத தங்கம் மாணவிக்குக் கிடைத்தது.

1961-ல் மேரிபெல்லின் இளைய மகள் லாரன்ஸ் 16 வயதில் தேசிய சாம்பியன். மூத்த மகள் ஜோடிப் பிரிவில் சாம்பியன். அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும்! மூவரும் உலகப் போட்டிக்குப் புறப்பட்டார்கள். பிப்ரவரி 15 அன்று பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் அருகே விமானம் விழுந்தது. அதில் இருந்த 72 பேரும் இறந்துபோனார்கள். அமெரிக்க அணியே அதில்தான் இருந்தது. அந்த வருட உலகப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள். பாட்டி மட்டும் வீட்டில் தனியாக மிஞ்சினார். இதைப் படித்தபோது எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அத்தோடு எல்லாம் முடிஞ்சுதா? இல்லை! அவரிடம் கற்ற ஃபிராங்க் கரோல் பெரிய பயிற்சியாளர் ஆனார். மிஷெல் குவான் என்ற உலக சாம்பியனை வளர்த்தார். 2010 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய இவான் லைசாசெக்கும் அவர் மாணவரே. மேரிபெல் இறந்து 49 வருடம் கழித்து வந்த தங்கம் அது!

வின்செஸ்டரில் ஒரு தொடக்கப்பள்ளிக்கு வின்சன் ஓவன் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பதக்கம் பீரோவில் இருக்கும். சொல்லிக் கொடுத்தது பிள்ளைகளிடம் இருக்கும், அவர்கள் பிள்ளைகளிடமும் போகும். நம் டீச்சர் திட்டும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் முன் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போமா தோழிகளே?

— ஒன்பதாம் வகுப்பு மாணவி